ஒரே குப்பியில் பல கற்கள்: கண்மைச் சொற்களின் வழித்தடம்

எகிப்தின் நடுப்பகுதியில், நைல் ஆற்றின் கிழக்குக் கரையில் உள்ள பெனி ஹசன் குன்றில், பாறையைக் குடைந்து எடுத்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுள் ஒன்று இரண்டாம் க்னும்ஹோதெப் என்ற வட்டாரத் தலைவனுடையது. அதன் சுவரோவியம் ஒன்றில் வெளிநாட்டார் கூட்டம் அவனைப் பார்க்க வந்துகொண்டிருக்கிறது. கோடும் கட்டமுமாக நெய்த பல வண்ண ஆடைகள், கூர்மையாக நறுக்கிய தாடி, கழுதை முதுகில் மூட்டைகள், நரம்புக்கருவி ஒன்றை மீட்டிக்கொண்டே நடக்கும் ஓர் ஆள். ஓவியத்தில் ஆணும் பெண்ணும் குழந்தையுமாக 15 பேர்தான். ஆனால் கூட்டத்துக்கு முன்னால் நிற்கும் எழுத்தர் கையிலுள்ள ஏட்டில் 37 பேர் என்று கணக்கு இருக்கிறது. இரண்டாம் செனுஸ்ரெத் மன்னரின் ஆறாம் ஆட்சியாண்டு என்று காலமும் குறித்திருக்கிறார்கள், ஏறத்தாழ கி.மு. 1890. ஆமு எனப்பட்ட அந்த ஆசிய மக்கள் எதற்காக வந்தார்கள் என்பதும் அதே இடத்தில் இருக்கிறது. அவர்கள் மெஸ்தெமெத் கொண்டுவந்தார்கள். கண்ணுக்கு இடும் கருமைக்கு எகிப்தியர் வைத்த பெயர் அது.

எகிப்திய எழுத்தில் உயிர் ஒலிகள் எழுதப்படுவதில்லை. ம், ஸ், த், ம், த் என்ற ஐந்து மெய்களுக்கு நடுவே எகரத்தைச் செருகிப் படிப்பது ஆய்வாளர்கள் தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட முறை. அந்த ஐந்தையும் பிரித்துப் பார்த்தால் சொல் பிறந்த விதம் தெரிந்துவிடும். நடுவில் இருக்கும் ஸ்-த்-ம் ஒரு வினை. கண்ணுக்கு மை தீட்டுவதைக் குறிப்பது. முன்னால் நிற்கும் ம், ஒரு செயலுக்கு உதவும் கருவியையோ அது நடக்கும் இடத்தையோ பெயராக்கும் முன்னொட்டு. கடைசித் த் பெண்பால் ஈறு. ஆக, மெஸ்தெமெத் என்றால் தீட்டுவதற்கு உதவுவது. அது கல்லா, மண்ணா, கரியா என்பதைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்லவில்லை.

இந்த ஒரு செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கண்மைக்குப் பழைய மொழிகள் வைத்த பெயர்களைத் தேடிப்போனால், திரும்பத் திரும்ப ஒரு வினைச்சொல்லில்தான் போய் முட்டுகிறோம். வடமொழியின் அஞ்சனம், பூசுதலைக் குறிக்கும் அஞ்ச் என்ற வேரில் பிறந்தது. பாரசீகம் வழியாக இந்தியாவுக்கு வந்த சுர்மா, இழுத்துப் பூசுவதைக் குறிக்கும் துருக்கிய வினையான சுர்மெக் என்பதிலிருந்து வந்தது. பொருளைப் பார்த்துப் பெயரிடவில்லை. கை செய்த வேலையைப் பார்த்துப் பெயரிட்டிருக்கிறார்கள். தமிழின் மை மட்டும் நிறத்தைப் பார்த்து வந்தது. கருமை என்பதே அதன் முதற்பொருள்; கண்ணுக்கு இடுவதும் எழுதுவதற்கு ஊற்றுவதும் அதிலிருந்து கிளைத்தவை.

வினையால் வந்த பெயர் நெகிழ்ச்சியானது. கல் மாறினாலும் பெயர் மாறாது. ஊர் மாறினால் அந்த ஊரில் கிடைக்கும் பொருளைப் பழைய பெயர் எடுத்துக்கொள்ளும். பின்னால் வந்த மொழிபெயர்ப்பாளர்களும் அகராதிக்காரர்களும் இதை மறந்து, பெயரை வைத்தே பொருளைத் தீர்மானித்தார்கள். அப்படி விளைந்த பிழை இன்றுவரை நம் அருங்காட்சியகப் பெட்டிகளிலும் மருந்துக் குப்பிகளிலும் தங்கியிருக்கிறது.

மெஸ்தெமெத்தின் வழியையே முதலில் பார்க்கலாம். எகிப்திய மொழியின் கடைசி நிலையான கோப்திக்கில் அது ஸ்தேம் என்று சுருங்கியது. கிரேக்கர் அதை ஸ்திம்மி, ஸ்திமி, ஸ்திபி என்று பல விதமாக எழுதினார்கள். லத்தீனில் ஸ்திபியம் ஆயிற்று. அரபியின் இத்மித் என்ற சொல்லும் இதே கிளையில் காய்த்தது என்பதே பெரும்பாலான மொழியறிஞர் கருத்து. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு வேதியியலாளர் பெர்சீலியஸ் தனிமங்களுக்கு எழுத்துக் குறியீடு வைத்தபோது, ஆன்டிமனிக்கு ஸ்திபியத்திலிருந்து எஸ்பி என்ற இரண்டு எழுத்தை எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் தனிம அட்டவணையின் 51ஆம் கட்டத்தில், பெனி ஹசன் எழுத்தரின் வினைச்சொல் இன்னமும் இருக்கிறது.

இந்தப் பாதையில் நம் கடற்கரையும் குறுக்கிடுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து கப்பல் ஏறிய கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிவைத்த எரித்ரேயக் கடல் வழிக்குறிப்பில், சேர நாட்டு முசிறியிலும் பக்கத்து நெல்கிண்டாவிலும் என்னென்ன சரக்குக்குக் கிராக்கி என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நாணயம், பவளம், கண்ணாடிக் கட்டி, செம்பு, வெள்ளீயம், காரீயம், கொஞ்சம் மது. அவற்றோடு ஸ்திமியும். குஜராத்தின் பரிகாசா துறைமுகத்துக்கான பட்டியலிலும் அது உண்டு. மிளகு ஏற்றிக்கொள்ள வந்த கப்பல்கள் இறக்கிய சரக்கில் கண்மைக் கல்லும் இருந்தது. ஆங்கில மொழிபெயர்ப்புகளில் அந்த இடத்தில் ஆன்டிமனி என்று போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து நம்மவர் நூல்களுக்கும் அப்படியே வந்துவிட்டது. காரீயம் அதே பட்டியலில் தனிச் சரக்காக வருவதால், ஸ்திமி வேறு உலோகம்தான் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் உருக்கிய காரீயக் கட்டி வேறு, அது கிடைக்கும் பளபளப்பான கறுப்புக் கல் வேறு. இரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று வருவது என்று அறிந்தவர்கள்கூட, வணிகத்தில் தனித்தனிப் பெயரிட்டே விற்றிருப்பார்கள்.

அதே நூற்றாண்டின் ரோமானிய ஆசிரியர் பிளினி தம் இயற்கை வரலாற்றின் 33ஆம் நூலில் இந்தக் கல்லைப் பற்றி எழுதியிருப்பதைக் கவனமாகப் படிக்க வேண்டும். வெள்ளிச் சுரங்கங்களில் கிடைக்கும் என்கிறார். ஆண், பெண் என இரண்டு வகை என்கிறார். புருவ மையில் சேர்த்தால் கண்ணை அகலமாகக் காட்டுவதால் கிரேக்கர் பலர் அதை அகல்விழி என்ற பொருளில் பிளாத்யுஃப்தால்மோன் என்று அழைத்தார்கள் என்றும் பதிவு செய்கிறார். கல்லைச் சாணத்தில் பொதிந்து சுடும் முறையைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தருகிறார்: சூடு மிஞ்சினால் அது காரீயமாக மாறிவிடும். அவர் காலத்துக் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸும் இதையேதான் சொல்கிறார். அடுப்படியில் நின்று பார்த்தவர்களிடமிருந்து வந்த செய்தி இது. கண்ணெதிரே கல் உருகிக் காரீயம் ஒழுகியிருந்தால், அவர்கள் சுட்டது காரீயக் கந்தகக் கல்லான கலீனாவாக இருக்க வேண்டும். பழைய உரையாசிரியர்கள் வேறு விளக்கம் தந்தார்கள்: ஆன்டிமனி உலோகம் உருகி வந்ததைக் கண்டு அதைக் காரீயம் என்று பிளினி மயங்கிவிட்டாராம். ஸ்திபியம் என்றால் ஆன்டிமனிதான் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டதால் நேர்ந்த விளக்கம் அது. சில சரக்குகள் ஆன்டிமனியாகவே இருந்திருக்கலாம். எல்லாமே அதுதான் என்று கொள்வதற்கு மட்டும் ஆதாரம் இல்லை.

இந்த இரண்டு கற்களையும் தூளாக்கும் முன் பிரித்தறிவது கடினமே இல்லை. கலீனாவை உடைத்தால் சின்னச் சின்னக் கனசதுரமாக உடையும். கையில் எடுத்தால் எதிர்பார்க்காத கனம் இருக்கும். தண்ணீரைப்போல் ஏழரை மடங்கு எடை. ஆன்டிமனிக் கந்தகமான ஸ்டிப்னைட் ஊசி ஊசியாக, நாணற்கட்டுபோல் வளரும். எடை நாலரை மடங்குதான். கலீனாவில் நூற்றுக்கு 86 பங்குக்கு மேல் காரீயம். ஸ்டிப்னைட்டில் காரீயமே கிடையாது. 71 பங்குக்கு மேல் ஆன்டிமனி. ஆனால் அம்மியில் இட்டு நுணுக்கிவிட்டால் இரண்டும் ஒரே கருஞ்சாம்பல் பொடி. இரண்டுக்கும் ஒரே மினுமினுப்பு. கண்ணில் இழுத்துக்கொண்ட பெண்ணுக்கோ ஆணுக்கோ வித்தியாசம் தெரிந்திருக்காது. பெயரும் பொடிக்குத்தான் வைக்கப்பட்டது.

எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த மைக்குப்பிகளின் மிச்சத்தை வேதிமுறையில் சோதிக்கும் வேலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. எகிப்தின் தொல்லியல் துறையில் வேதியியலாளராக இருந்தவர் ஆல்பிரட் லூக்கஸ். துதன்காமுன் கல்லறைப் பொருட்களைப் பாதுகாத்தவர். பண்டைய எகிப்தியப் பொருட்கள் பற்றிய தம் நூலில் அந்தச் சோதனை முடிவுகளைத் தொகுத்தபோது, பெரும்பாலானவை கலீனா என்றும் ஆன்டிமனி மிக அரிதாகவே தென்படுகிறது என்றும் தெளிவாகவே எழுதினார். ஆன்டிமனித் தாது எகிப்திய மண்ணில் கிடைக்காது என்பதையும் சுட்டிக்காட்டினார். கலீனாவோ செங்கடல் ஓரத்து ஜெபல் ஜெய்த் மலையில் வெட்டி எடுக்கப்பட்டது. அங்கே பிரெஞ்சு அகழாய்வாளர்கள் கண்டெடுத்த கல்வெட்டுகளில் ஹத்தோர் தேவிக்கு மெஸ்தெமெத்தின் தலைவி என்றே பட்டப்பெயர் உண்டு.

1999இல் பிலிப் வால்ட்டரும் அவருடைய குழுவினரும் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி ஆழமாகப் போனது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில், கி.மு. 2000 முதல் 1200 வரையிலான காலத்து மைக்குப்பிகள் பல, உள்ளே இட்ட பொடியோடே இருக்கின்றன. அவற்றில் கறுப்புக் கலீனாவும் வெள்ளைச் செருசைட்டும் இருந்தது வியப்பில்லை. லாரியோனைட், ஃபாஸ்ஜெனைட் என்ற இரண்டு காரீயக் குளோரைடுகள் இருந்ததுதான் புதிது. இயற்கையில் அவை எளிதில் கிடைப்பவை அல்ல. கல்லறைக்குள் தாமாக உண்டாகவும் வாய்ப்பில்லை. காரீய ஆக்சைடைப் பொடி செய்து, கல்லுப்பு கலந்த தண்ணீரில் போட்டு, மேலே தெளியும் நீரைத் திரும்பத் திரும்ப இறுத்துவிட்டு மறுபடியும் உப்புநீர் ஊற்றி, வாரக்கணக்கில் பொறுமையாகச் செய்தால்தான் அவை கிடைக்கும். அதாவது, கண்ணுக்கு என்றே ஒரு பொருளைத் தயாரித்திருக்கிறார்கள். 2010இல் வேதியியலாளர் கிறிஸ்தியன் அமாதோருடன் சேர்ந்து செய்த தொடராய்வில், இந்தக் குளோரைடின் மிக நுண்ணிய அளவு தோல் செல்களில் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியைக் கூட்டுவது தெரிந்தது; கிருமிகளை எதிர்க்க உடல் எடுக்கும் முதல் அடிகளில் அது ஒன்று. வெள்ளம் வடியும் காலத்தில் கண்நோய் மலிந்த நைல் பள்ளத்தாக்கில், எந்தப் பருவத்தில் எந்த மையை இடுவது என்று எழுதிய குழல்கள் கிடைப்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அழகும் வைத்தியமும் அவர்களுக்கு ஒரே கோலின் நுனியில் இருந்தன.

எபிரேய மொழியில் கண்மைக்கு வழங்கிய சொல் பூக். விவிலியத்தில் இது சில இடங்களில்தான் வருகிறது. ஒவ்வொன்றும் மொழிபெயர்ப்பாளரைத் திணறடித்திருக்கிறது. அரசர்களின் இரண்டாம் நூலில் யெகூ தன்னைக் கொல்ல வருகிறான் என்று தெரிந்ததும் யேசபேல் அரசி கண்ணுக்குப் பூக் இட்டு, தலையைச் சிங்காரித்து, பலகணியில் வந்து நிற்கிறாள். கி.மு. காலத்திலேயே அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் ஸ்திம்மியிலிருந்து ஒரு வினையை உண்டாக்கி அந்த இடத்தில் வைத்தார்கள். லத்தீனில் பெயர்த்த ஜெரோம் ஸ்திபியம் என்று போட்டார். அந்த லத்தீன் சொல் இடைக்கால ரசவாதிகள் கையில் ஆன்டிமனித் தாதுவோடு நிலைத்துவிட்டது. பின்னால் வந்தவர்கள் அந்தப் புதிய பொருளைப் பழைய நூலுக்குள் வைத்துப் படித்தார்கள். யேசபேல் ஆன்டிமனி பூசினாள் என்று விளக்கவுரைகள் எழுதப்பட்டது இப்படித்தான்.

யோபுவின் கதை முடிவில் அவருக்குப் பிறக்கும் மூன்றாம் மகளின் பெயரில் இந்தச் சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழ் விவிலியத்தில் கேரேனாப்புக் என்று வருவது, கேரென்-ஹப்பூக்: மை வைக்கும் கொம்பு. நம் பக்கத்தில் மைச்சிமிழ் என்பதுபோல அவர்களுக்குக் கொம்பு. மகளுக்கு இப்படி ஒரு பெயர் இடுவது எவ்வளவு செல்லமான காரியம். கிரேக்க மொழிபெயர்ப்பாளருக்கு இது பிடிபடவில்லை போலிருக்கிறது. தங்கள் புராணத்தில் வேண்டியதையெல்லாம் தரும் அமால்த்தியா ஆட்டின் கொம்பைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வைத்துவிட்டார். ஏசாயாவில் இதே பூக், கற்களைப் பதிக்கும் கருஞ்சாந்தாக வருகிறது. ஆக எபிரேயருக்கும் அது கருமையான ஒரு பொடி. கண்ணோரத்திலும் வைக்கலாம், கல்லுக்கு அடியிலும் வைக்கலாம்.

பூக் கடல் கடந்து கிரேக்கரிடம் போய் ஃபூகோஸ் ஆயிற்று என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கருத்து. ஃபூகோஸ் கிரேக்கப் பெண்கள் கன்னத்தில் தடவிய சிவப்புக்குப் பெயர். அதே சொல்தான் லத்தீனில் ஃபூக்குஸ் ஆகி, முகப்பூச்சு, சாயம், கடைசியில் போலித்தனம் என்றே பொருள் விரிந்தது. எலிசபெத் காலத்து ஆங்கில நாடகங்களிலும் முகப்பூச்சுக்கு அதே ஃபூக்குஸ்தான். கண்ணுக்கான கறுப்பு எப்படிக் கன்னத்துச் சிவப்பாயிற்று? இரண்டும் பூசுபவை என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு தடை இருக்கிறது. கிரேக்கத்தில் இந்தச் சொல் நமக்கு முதலில் கிடைப்பது ஹோமரின் இலியத்தில்; அங்கே அது காற்று கரையில் ஒதுக்கும் கடற்பாசி. பூச்சு என்ற பொருளின் சாயலே இல்லை. அரிஸ்டாட்டிலின் மாணவர் தியோஃபிராஸ்டஸ், கிரீட் தீவின் பாறைகளில் கிடைக்கும் ஒரு ஃபூகோஸ், ஈரம் காயாதவரை ஊதாவையே மிஞ்சும் சாயம் தரும் என்று எழுதியிருக்கிறார். அங்கே அவர் குறித்தது ஆர்ச்சில் சாயம் தரும் பாறைப்பாசி என்று பலர் கொள்கிறார்கள். தியோஸ்கோரிதீஸ் காலத்தில் குழப்பம் இன்னும் வளர்ந்திருந்தது: பெண்கள் பூசும் ஃபூகோஸ் கடலில் வருவதாகச் சிலர் நினைக்கிறார்கள், அது அதே பெயருள்ள வேர் என்று அவர் திருத்துகிறார்.

என் கணிப்பில், எபிரேய பூக்கிலிருந்து ஹோமரின் பாசிக்கு நேர்கோடு இழுப்பது அவசரம். சாய வணிகம் செய்த பினீசியரின் வழியாக ஒரு சொல் முன்பே ஏஜியன் கடலுக்குள் வந்திருக்கலாம். ஒலி மட்டும் ஒத்துப்போன இரண்டு சொற்களாகவும் இருக்கலாம். ஆனால் கிரேக்க மண்ணில் நடந்ததற்குச் சந்தேகம் இல்லை. கடற்பாசி, பாறைப்பாசி, வேர் என்று பொருள் மாறிக்கொண்டே போனது. கன்னத்தில் தடவுவது என்ற வேலை மட்டும் பெயரைப் பிடித்துவைத்திருந்தது. 1753இல் லின்னேயஸ், கரும்பழுப்புக் கடற்பாசி இனம் ஒன்றுக்கு ஃபூக்குஸ் என்று பெயர் வைத்துச் சொல்லை மறுபடியும் கடலுக்கே அனுப்பிவிட்டார். இன்றைய உயிர்வேதியியலில் ஃபூகோஸ் என்பது ஒரு சர்க்கரையின் பெயர்.

இனி, இவை எல்லாவற்றையும்விட உலகம் அறிந்த சொல்லுக்கு வருவோம்: அரபியின் குஹ்ல், ஆங்கிலத்தில் கோல் என்று ஒலிப்பது. க்-ஹ்-ல் என்ற வேர் எபிரேயத்திலும் உண்டு. எசேக்கியேல் நூலில் ஒரே ஓர் இடத்தில், கண்ணுக்கு மையிடும் வினையாக. இதற்கு மூத்த உறவாகச் சொல்லப்படுவது அக்காதிய மொழியின் குக்லு. கி.மு. 701இல் எருசலேமை முற்றுகையிட்ட அசீரிய மன்னன் சனகெரிபு, எசேக்கியா அரசன் தனக்கு அனுப்பிய திறைப்பொருட்களைக் களிமண் பட்டகத்தில் பொறித்துவைத்தான். 30 தாலந்து பொன், 800 தாலந்து வெள்ளி, அதைத் தொடர்ந்து அருங்கற்களும் உயர்ந்த குக்லுவும், பிறகு யானைத்தந்தக் கட்டில்கள். பொன்னோடு சேர்த்து எண்ணப்பட்ட இந்தக் குக்லுவை அகராதிகள் கண்மை என்றே பெயர்த்தன.

1996இல் டி. டி. பாட்ஸ், அஸ்கோ பார்ப்போலா, சிமோ பார்ப்போலா முதலியோர் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை இதை அசைத்துப் பார்த்தது. சிந்துவெளி எழுத்தாய்வால் தமிழ் வாசகர்கள் அறிந்த அதே அஸ்கோ பார்ப்போலாதான். குக்லு என்பது வடமொழியின் குக்குலு என்ற நறும்பிசினே; இந்தியாவிலிருந்து மேற்கே போன சரக்கு என்பது அவர்கள் வாதம். நம் ஊரில் சாம்பிராணியோடு சேர்த்துப் புகைக்கும் குங்கிலியத்துக்கு உறவான பிசின் அது. திருக்கடவூரில் குங்கிலியப் புகை இட்டே பெயர் பெற்ற நாயனார் நமக்கு உண்டு. பிசின் என்றால் கண்மை இல்லையே, பிறகு அரபியில் அதே ஒலி எப்படிக் கண்மையாயிற்று என்று கேள்வி வரும். இரண்டையும் சேர்த்துவைக்கும் சான்று ஒன்றை நான் எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயரின் நூலில் காண்கிறேன். கெய்ரோவில் பல ஆண்டுகள் தங்கியிருந்து, எகிப்தியரின் அன்றாட வாழ்க்கையை 1836இல் நூலாக எழுதியவர் அவர். அங்கே பெண்கள் பொதுவாக இடும் குஹ்ல், ஒரு வகை வாசனைப் பிசினை எரித்துப் பிடித்த புகைக்கரி என்று விவரிக்கிறார். பாதாம் ஓட்டை எரித்தும் கரி பிடிப்பார்கள் என்கிறார். பிசினை எரித்த கரியே கண்ணுக்கு என்றால், பிசினின் பெயர் மைக்குப் போவது இயல்பாக நடக்கக்கூடியது. இது என் ஊகமே. ஆனாலும், குக்லு கல்லாகத்தான் இருக்க வேண்டும் என்ற பழைய நம்பிக்கையைவிட இதற்கு வலு அதிகம்.

புகைக்கரியில் மை செய்வது நமக்குப் புதிதில்லை. கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியைத் தோய்த்து நிழலில் உலர்த்தி, மறுபடி தோய்த்து, அதைத் திரியாக்கி விளக்கெண்ணெயில் எரிப்பார்கள். சுடருக்கு மேல் ஒரு செம்புப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தால் விடிவதற்குள் உட்புறம் முழுக்க வெல்வெட்டுபோல் கரி படிந்திருக்கும். அதை வழித்து, விளக்கெண்ணெயோ நெய்யோ இரண்டு சொட்டு விட்டுக் குழைத்தால் மை. கல்லே இல்லை, கனிமமே இல்லை. ஆனாலும் வீட்டில் அதற்கும் மைதான், அஞ்சனக்கல்லை உரசி எடுத்ததற்கும் மைதான். ஆயுர்வேத நூல்களிலும் இப்படியே: ஸௌவீராஞ்சனம், ஸ்ரோதாஞ்சனம் போன்றவை கற்கள், ரஸாஞ்சனமோ மரமஞ்சளைக் காய்ச்சி இறுக்கிய சாறு.

அரபு நாடுகளில் குஹ்ல் ஒரு தொழிலுக்கே பெயர் தந்தது. கண் மருத்துவருக்கு கஹ்ஹால் என்று பெயர். மை இடுபவர் என்பது நேர்ப்பொருள். 10, 11ஆம் நூற்றாண்டுகளில் பாக்தாதில் வாழ்ந்த அலி இப்னு ஈசா எழுதிய கண் மருத்துவர் கையேடு ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் பாடநூலாக இருந்தது. அல்-குஹ்ல் லத்தீனுக்குப் போனபோது மிக நுண்ணிய பொடி என்ற பொருளில்தான் போனது. அரைத்துச் சலித்து எடுத்த சாரம் என்று அது விரிந்தது. பிறகு வடித்து எடுத்த சாரத்துக்கும் அதையே சொன்னார்கள். 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் மதுவின் சாரத்தை அல்கஹால் வீனி என்றார். அப்புறம் மதுவைக் குறித்த பின்பாதி உதிர்ந்து, முன்பாதி மட்டும் நின்றுவிட்டது. ஊசி போடும் முன் கையில் தடவும் ஆல்கஹால், சொல்லளவில் கண்மைதான்.

இதுவரை சொன்ன பெயர்க்குழப்பம் அகராதியோடு போயிருந்தால் நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். 1968இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், கண்ணுக்கு இட்ட சுர்மாவால் நேர்ந்த காரீய நச்சு பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். தெற்காசியாவிலிருந்து குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளிடம் அது தென்பட்டது. அதற்குப் பிறகு பல நாடுகளில் சோதித்த சுர்மாப் பொடிகளில் கலீனாவே பெரும்பங்காக இருந்தது திரும்பத் திரும்ப வெளிவந்தது. அமெரிக்காவில் குஹ்லை அழகுப்பொருளில் நிறமாகச் சேர்க்க அனுமதி இல்லை. குழந்தை கண்ணைக் கசக்கி, அந்த விரலை வாயில் வைக்கிறது. காரீயம் உள்ளே போக அந்த வழி போதும். வளரும் மூளைக்கு அது செய்யும் கேடு திரும்பப் பெற முடியாதது. வாங்குகிறவர்கள் அலட்சியமானவர்கள் அல்ல. இத்மித் என்று சமய மரபு போற்றும் பெயரையும், சுர்மா என்று பாட்டி சொன்ன பெயரையும் குப்பியில் படித்து நம்பி வாங்குகிறார்கள். அந்தப் பெயர் ஒரு செயலுக்கு உரியது, குப்பிக்குள் இருப்பதை அது உறுதிசெய்யாது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. விளக்குக்கரியில் செய்த மையில் இந்தக் காரீயக் கல் கிடையாது. ஆனாலும் பிறந்த குழந்தையின் கண்ணுக்குள் எதையும் இடக்கூடாது என்றே மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். விரலில் உள்ள கிருமியே கண்ணைக் கெடுக்கப் போதும்.

இதே பிழை நம் அகழாய்வுக் குழிகளிலும் இருக்கிறது. தட்சசீலத்தைத் தோண்டிய ஜான் மார்ஷல் 1951இல் வெளியிட்ட பெரிய அறிக்கையில், இரு முனையும் மழுங்கிய மெல்லிய செப்புக் கோல்களை ஆன்டிமனிக் கோல் என்றே குறித்தார். அந்தக் கோலில் ஆன்டிமனி கிடையாது. மை இடும் கோல் என்பதைத்தான் அப்படிச் சொன்னார்கள். அந்தப் பெயர் இந்தியத் தொல்லியலில் வழக்காகி, தமிழ்நாட்டு அகழாய்வுச் செய்திகளிலும் அடிபடுகிறது. படிக்கும் மாணவர், சங்க காலத்தில் ஆன்டிமனி புழங்கியது என்று எடுத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் உண்டு. நமக்கோ கடன்சொல்லே தேவையில்லை. திருக்குறளின் 1285ஆம் பாவில் இந்தக் கருவிக்குக் கோல் என்றும், அது செய்யும் வேலைக்கு எழுதுதல் என்றும் பெயர் இருக்கிறது. மைக்கோல் என்று எழுதினால் எவரும் மயங்க மாட்டார்கள். உள்ளே இருந்தது எது என்ற கேள்வியும் மூடப்படாமல் இருக்கும்.

அந்தக் கேள்விக்கு விடை காண்பது இன்று அவ்வளவு கடினமும் இல்லை. கிடைத்த கோலைத் துலக்கிப் பளபளப்பாக்கும் முன்பே, அதன் நுனியைக் கைக்கு அடக்கமான எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியால் அளக்கலாம். செம்புக் கலவையிலேயே காரீயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், கோலின் நடுப்பகுதியையும் தனியே அளந்து நுனியோடு ஒப்பிட வேண்டும். நுனியில் மட்டும் காரீயம் கூடியிருந்தால் கலீனா. ஆன்டிமனி கூடியிருந்தால் ஸ்டிப்னைட். இரண்டுமே கூடவில்லை என்றால் ஒட்டியிருக்கும் கருமையைச் சுரண்டி நுண்ணோக்கியில் புகைக்கரியைத் தேட வேண்டும். முசிறித் துறையில் இறங்கிய ஸ்திமி உள்நாட்டில் எந்தெந்த ஊர்வரை போயிற்று, எங்கெல்லாம் வீட்டு விளக்கின் கரியே போதுமென்று இருந்தார்கள் என்பதை அப்போது ஊர் ஊராகக் குறித்துக்கொண்டு போக முடியும்.